முகம் தெரியாதவனுக்கு முப்பது வெள்ளி

“யாருடா பாடுறது?” என்று அம்மா கேட்டார். பாட்டே கிடையாது, வெறும் சத்தம், அதிலும் பாதி மழை பெய்கிற சத்தம்.

“தெரியலம்மா.”

“தெரியாதவனுக்கா முப்பது வெள்ளி கட்டுன?”

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். பேண்ட்கேம்ப் என்கிற இணைய இசைக்கடையில் 2020-லிருந்து இசை வாங்குகிறேன். போன வாரக் கணக்குப்படி 61 ஆல்பம். அதில் பாதிக்குமேல் செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா மூவரா, எந்த நாட்டில் உட்கார்ந்து செய்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, என்னோடு சேர்ந்து வாங்கிய இருபது முப்பது பேருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஆட்கள் செய்து இப்படிப்பட்ட ஆட்கள் கேட்கிற மின்னிசைக்கு இந்தக் கடை எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். சினிமாப் பாட்டுக்கு வேறு நல்ல கடைகள் இருக்கின்றன, அங்கே போய்க்கொள்ளுங்கள்.

முதலில் காசு. ஒரு ஆல்பம் 7 அமெரிக்க டாலர் என்றால் நம் மலேசியக் கணக்கில் ஏறக்குறைய 30 வெள்ளி, அதாவது ரிங்கிட். விலை வைப்பது கடை இல்லை, இசை செய்தவர். சிலர் விருப்பப்பட்டதைக் கொடு என்று விட்டுவிடுவார்கள், பூஜ்யம் என்று அடித்தாலும் இறங்கும். அந்த 7 டாலரில் பேண்ட்கேம்ப்பின் பங்கு 15 விழுக்காடு, அதாவது 1 டாலர் 5 காசு. பணம் அனுப்பும் சேவைக்குக் கொஞ்சம் போகும், மீதி அவருக்கு. கேசட், டீ-சட்டை மாதிரி பொருள் என்றால் 10 விழுக்காடுதான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடவில்லை என்றால் அதற்குக் காசே கிடையாது. நான் கேட்கிறவர்களில் பலருக்கு உலகம் முழுக்க உள்ள ரசிகர்களைக் கூட்டினாலும் ஒரு பள்ளிப் பேருந்து நிறையாது, அவர்களுக்கு ஆயிரமும் ஒன்றுதான் லட்சமும் ஒன்றுதான்.

வாங்குமுன் முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம். சும்மா கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்கும், அது எத்தனை தடவைக்குப் பிறகு என்பதையும் செய்தவரே முடிவு செய்யலாம். வாங்கியபின் எம்.பி.3, ஃப்ளாக், வேவ், எது வேண்டுமோ அதில் இறக்கிக்கொள்ளலாம். பூட்டு இல்லை. கைப்பேசியில் போடலாம், பென்டிரைவில் ஏற்றிக் காடியில் போடலாம். தரம் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் ஃப்ளாக்கில் இறக்கட்டும், இரவு வேலைக்கு எனக்கு எம்.பி.3 போதும்.

வேலை என்றது செம்பனை எண்ணெய் ஆலையில், லோரி எடை போடும் இடத்தில். திம்பாங் என்றால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எண்ணை எழுதுவேன், உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லோரியாக மறுபடி ஏறும், கழித்துச் சீட்டு நீட்டுவேன். லோரியின் எண் தெரியும், சீட்டை வாங்குகிற கை தெரியும், அவர்கள் இருக்கை உயரம் என்பதால் முகம் தெரியாது. மோதிர விரலில் பச்சை குத்திய கை என்றால் இரண்டு மணி லோரி. அதற்குப் பிறகு அரை மணி நேரம்கூட இடைவெளி விழும். குலை வேகவைக்கிற ஆவி சீறும், நின்றுபோகும், மறுபடி சீறும். அந்த நேரத்துக்கு மனிதக் குரல் ஒத்துவராது, நான் பார்த்துவிட்டேன். எஸ்.பி.பி.கூட அந்த நேரத்தில் அதிகமாகப் பேசுகிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

அப்படி ஓர் இரவில்தான் பெரியல் என்ற பெயரில் ஒருவர் செய்த இசையைக் கேட்டேன். லண்டன்காரர். 2007-ல் அவருடைய இரண்டாவது ஆல்பம் வந்தபோது அவர் யாரென்று நெருங்கிய சிலரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம்பிடித்ததும் பத்திரிகைகள் ஆளைத் தேடித் துரத்த ஆரம்பித்தன, ஆகஸ்ட் மாதம் அவரே தன் பெயரையும் ஒரு படத்தையும் வெளியிட்டுத் துரத்தலை முடித்துவைத்தார். பெரியல் என்றால் அடக்கம். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இரண்டுமே பொருந்துகிறது.

அந்த இசையில் தேய்ந்த இசைத்தட்டு பொரிகிற சத்தம், தூரத்தில் யாரோ அரை வரி பாடுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி ஒன்று மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு போகும். கைப்பேசி ஸ்பீக்கரில் போட்டால் அது கேட்கவே கேட்காது, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. நல்ல ஹெட்போனில் கேட்டபோது எனக்கு உறுமிதான் ஞாபகம் வந்தது. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும்புமே, வயிற்றுக்குள் இறங்குமே, அதே சறுக்கல். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவனுக்கு லண்டன் இசையில் அன்னியமாக எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்த உறுமிக்காரர்களின் பெயரையும் நாங்கள் கேட்டதில்லை. சிவப்புச் சட்டைக் குழு, மஞ்சள் சட்டைக் குழு, அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கே இரண்டு பெயர். பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்ததை, மலாயில் விரசமாக ஒலிக்கிறது என்று பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள், அதுவும் பெரியலின் ஆல்பம் வந்த அதே 2007-ல். கடிதத்தில் புதுப் பெயர், பேருந்தில் ஏறுகிற பாட்டி வாயில் பழைய பெயர். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917-ல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம் அது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. எங்கள் தாத்தாவுக்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் ஒரு பெயர், அதையும் எழுதியவர் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஓர் எண், லயத்தில் ‘குள்ளத் தாத்தா’. அவர் இறந்து அறிவிப்பு அடித்தபோது ஐ.சி. பெயரைப் பார்த்துப் பாதிப் பேருக்கு யாரென்று புரியவில்லை, அடைப்புக்குறி போட்டுக் குள்ளத் தாத்தா என்று சேர்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, ஜப்பானிய எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் எனக்கு அதிசயமாக இருக்காது. வேப்பர்வேவ் என்கிற வகையில் இது சகஜம். எண்பதுகளின் பாப் பாட்டு, பேரங்காடியில் ஓடுகிற இசை, விளம்பர இசை, இதையெல்லாம் எடுத்து வேகத்தைக் குறைத்து, வெட்டி, ஒரே துண்டைச் சுற்றவிட்டுச் செய்வது. 2011 டிசம்பரில் மெக்கிண்டாஷ் பிளஸ் என்ற பெயரில் வந்த ஆல்பம் இந்த வகைக்கே அடையாளமாகிவிட்டது. அட்டையில் ஒரு பளிங்குத் தலை, தலைப்பு ஜப்பானிய எழுத்தில், செய்தவரோ அமெரிக்கர். அதே ஆள் வேறு பல பெயர்களிலும் வெளியிட்டிருக்கிறார், பெயருக்கு ஒரு குணம்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த மாதிரி ஓர் ஆளின் ஆல்பத்தை வாங்கினேன். பெயர் நான்கு ஜப்பானிய எழுத்து, படம் இல்லை, ஊர் என்ற இடம் காலி. பணம் கட்டியதும் வழக்கம்போல் இரண்டு மின்னஞ்சல் வந்தது, ஒன்று கடையிலிருந்து, இன்னொன்று பணம் அனுப்பும் சேவையிலிருந்து. இரண்டாவதைத் திறந்தால் இன்னாருக்கு 7 டாலர் செலுத்தினீர்கள் என்று இருக்கிறது. இன்னார் என்ற இடத்தில் ஒரு முழுப் பெயர். முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர், வங்கி மேலாளர் மேசையில் பலகை வைத்திருப்பாரே அந்த மாதிரி. ஜப்பானியப் பெயர் இல்லை. மனுஷன் தன் பணக் கணக்கைச் சொந்தப் பெயரிலேயே திறந்துவிட்டு, வியாபாரப் பெயர் ஒன்று போட வேண்டும் என்பதை மறந்திருக்கிறார்.

அன்றிரவு அந்த ஆல்பத்தைக் கேட்கவே முடியவில்லை. மூன்றாவது பாட்டில் கார் நிறுத்துமிடத்தில் எதிரொலிக்கிற மாதிரி ஒரு பியானோ வரும். வாங்குமுன் கேட்டபோது அது எங்கிருந்தோ வந்தது, இப்போது அந்தப் பெயர்க்காரர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கிறார். தேடல் பெட்டியில் பெயரைப் பாதி அடித்தும்விட்டேன். பச்சை குத்திய கை லோரி ஹாரன் அடித்தது. சீட்டு கொடுத்துவிட்டு வந்து அடித்ததை அழித்தேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, லோரி வராவிட்டால் முழுதாக அடித்திருப்பேன்.

காலையில் அவருடைய பக்கத்தில் இருந்த தொடர்பு வழியாக எழுதினேன். ரசீதில் உங்கள் பெயர் வருகிறது, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டே வரி பதில். நன்றி, நீங்கள் 19-வது ஆள். முதல் 18 பேர் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் யோசித்தேன். ஒருவேளை ரசீதை யாரும் படிக்கவில்லை. ஒருவேளை படித்தவர்கள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கலாம். அந்தப் பெயர் இன்றுவரை எங்கேயும் என் கண்ணில் பட்டதில்லை. நானும் அடுத்த ஆல்பத்துக்குள் அதை மறந்துவிடுவேன் என்று நினைத்தேன், மறக்கவில்லை, ஆனால் பியானோவிலிருந்து டை மட்டும் மெல்லக் கழன்றுவிட்டது.

அந்த 18 பேரும் யாரென்று பார்க்க முடியும் என்பதுதான் பேண்ட்கேம்ப்பின் வேடிக்கை. செய்தவர் ஒளிந்துகொள்ளலாம், வாங்கியவர் வரிசையில் நிற்க வேண்டும். வாங்கிய கொஞ்ச நேரத்தில் நம் படம் ஆல்பத்தின் பக்கத்தில் வந்து உட்காரும், அதை அழுத்தினால் நாம் வாங்கியதெல்லாம் அடுக்கிய அலமாரி திறக்கும். வேண்டாததை ஒவ்வொன்றாக மறைத்துவைக்க வழி உண்டு. நான் கணக்கு திறந்த அன்று கையில் கிடைத்த படத்தைப் போட்டேன், தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது, பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மற்றவர்கள் எல்லாம் பூனை, பழைய கணினித் திரை, பனிமூட்டத்தில் ஒரு தெருவிளக்கு. அந்தக் கூட்டத்தில் நடுவே நான் மட்டும் பந்தியில் பரிமாற நிற்கிறவன் மாதிரி நிற்கிறேன். மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும். மாற்றவில்லை.

புதிய ஆட்களைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியைவிட மற்றவர்களின் இந்த அலமாரிகள்தான் நல்ல வழி. அப்படித்தான் தெலுக் இந்தான்காரரைப் பிடித்தேன். ஊர் தெலுக் இந்தான் என்று போட்டிருக்கிறார், படம் அந்த ஊர்ச் சாய்ந்த கோபுரம், பெயர் கருவாட்டுக் குழம்பு. தமிழ் ஆள்தான், சந்தேகமே வேண்டாம். நான் ஒன்றை வாங்கினால் ஒரு வாரத்தில் அவர் வாங்குவார், அவர் வாங்கியதை நான் போய்க் கேட்பேன். நான்கு வருடமாக இப்படியே போகிறது, ஒரு வார்த்தை பேசியதில்லை. காடியை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் போய் நிற்கலாம். ஆனால் நேரில் பார்த்தால் முதல் கேள்வி என்னவென்று தெரியும். எந்தத் தோட்டம், யார் மகன், அம்மா எந்தப் பக்கம். பத்து நிமிடத்தில் ஏதோ ஒரு வழியில் மாமா முறை வந்துவிடும், அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியதுதான், இசை எங்கே பேசுவது.

கேசட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், கணக்குப் பார்க்கக்கூடாது. மொத்தமே 50 பிரதி என்று ஒன்றை வாங்கினேன், கேசட் 9 டாலர், ஐரோப்பாவிலிருந்து அனுப்பும் செலவு 14 டாலர், ஐந்து வாரம். கடைசியில் கொண்டுவந்த கூரியர்காரர், வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டு முச்சந்தி முடிவெட்டும் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, எல்லாரிடமும் இதே கதைதான் கேள்விப்படுகிறேன். முடிவெட்டும் கடை அண்ணன் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, இந்தக் காலத்துல கேசட்டு யாவாரமா?” என்றார்.

உள்ளே ஒரு வெள்ளை அட்டை, அதில் பேனாவால் 31/50. வேறு எழுத்தே இல்லை. அந்த மூன்றில் மேல் வளைவு கொஞ்சம் நடுங்கியிருந்தது, ஐம்பது அட்டை எழுதிக் கை வலித்திருக்கும். முகமில்லாத ஒருவரிடமிருந்து எனக்கு வந்த ஒரே கையெழுத்து அது, இன்னும் திம்பாங் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

போட்டுக் கேட்கக் கருவி வேண்டுமே. அப்பா ஐயப்பன் பாட்டுக்காக வைத்திருக்கிற பழைய ரேடியோ கேசட்டில் போட்டேன். உள்ளே பெல்ட் தளர்ந்துபோயிருக்கிறது போல, ஏற்கெனவே மெதுவாக்கிய இசை இன்னும் மெதுவாகி, மேட்டில் ஏற முடியாத லோரி மாதிரி இழுத்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“பேட்டரி வீக்காடா?”

“இல்லப்பா, பாட்டே அப்படித்தான்.”

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “எதுக்கும் பேட்டரிய மாத்திப் பாரு.”

மாற்றினேன், அப்படியேதான் இருந்தது. கேசட்டோடு டிஜிட்டலும் சேர்ந்து வந்திருந்ததால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன், ஆறு நிமிடப் பாட்டு அப்பாவின் ரேடியோவில் ஏழு நிமிடம் ஓடுகிறது. இப்போது எனக்கு அந்த ஏழு நிமிட வடிவம்தான் பிடிக்கிறது, ஆறு நிமிடத்தில் கேட்டால் அவசரப்படுகிற மாதிரி இருக்கிறது. செய்தவரிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

கடையின் முதலாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008-ல் தொடங்கிய கடை இது, 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது, அடுத்த ஆண்டே சாங்டிராடர் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது, கைமாறும்போது ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போனது. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டாம். குள்ளத் தாத்தா தோட்டத் துண்டாடல் காலத்தைப் பற்றிச் சொல்வார், வெள்ளைக்காரன் விற்றான், வாங்கியவன் கூறு போட்டு விற்றான், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால்தான் இன்றைக்கு யார் முதலாளி என்று தெரியும். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் தொடங்கியதே அந்தப் பயத்தில்தான். அதனால் நான் சொல்வது, வாங்கினால் அன்றைக்கே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள், கடையில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். டாலர் ஏறி இறங்குவதற்குக் குறைக்கவில்லை, அது அவர்கள் கையில் இல்லை.

எப்போது வாங்குவது என்றால், பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமையில். 2020 மார்ச் 20, இங்கே கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்து மூன்றாம் நாள், அன்றைக்கு ஒரு நாள் முழுக்கத் தங்கள் பங்கை எடுக்காமல் விட்டார்கள். அதற்குப் பிறகு பல மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை இப்படி விடுகிறார்கள், எல்லா மாதமும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு வெள்ளிக்கிழமை மாலை மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், சனிக்கிழமை அதே நேரம் வரை இருக்கும். காலையிலேயே வாங்கிவிட்டு ஏமாந்தவன் நான்தான்.

எனக்கு அது இரவு வேலைக்குக் கிளம்புமுன் தே குடிக்கிற நேரம். போன தடவை மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா பின்னால் வந்து நின்றார்.

“அந்த மழைக்காரன் புதுசா ஒண்ணும் போடலயா?”

பார்த்தேன். கடைசியாகப் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. இல்லை என்றேன்.

“ஒடம்புக்கு ஏதும் முடியலயோ என்னமோ” என்றார்.